யஃகூப் நபி அழவில்லையா?

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

சென்ற இதழின் குடும்பப் பக்கத்தில், 'ஈமான் (இறைநம்பிக்கை) உறுதியாக இருந்தால் மனச்சோர்வு வாசலை மிதிக்காது' என்று ஒரு வரி. அதைப் படித்ததும் இதழை மூடிவிட்டேன். மீதியைப் படிக்க இரண்டு நாள் ஆனது.

யஃகூப் நபியின் ஈமானில் என்ன குறை? மகன் யூசுஃபை நினைத்து, துக்கத்தால் அவருடைய கண்கள் வெளுத்துப் போனதாகக் குர்ஆனே (12:84) சொல்கிறது. 'அழகிய பொறுமை' என்று சொன்னவரும் அவர்தான். இது தங்களுக்குத் தெரியாததல்ல. தெரிந்திருந்தும் அந்த வரி எப்படி அச்சேறியது என்பதுதான் என் வருத்தம்.

என் மகன் 41 நாள் இருந்தான். அவனை அடக்கம் செய்த அன்று ஒரு பெண்மணி என் கையைப் பிடித்துக்கொண்டு, "அழாதேம்மா, அழுதால் அல்லாஹ் தரும் கூலி போய்விடும்" என்றார். அன்பாகத்தான் சொன்னார். நானும் மாதக்கணக்கில் அழவில்லை. பால் கட்டி உடை நனையும், முகம் மட்டும் காய்ந்து கிடக்கும். ஐந்து வேளையும் தொழுதேன். ஸஜ்தாவில் வைத்த தலையை எடுக்கத் தோன்றாது. அப்புறம் தூக்கமும் போனது. டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரை அட்டையை முஸல்லாவின் (தொழுகை விரிப்பின்) மடிப்புக்குள் ஒளித்துவைத்துச் சாப்பிட்டேன். யாராவது பார்த்தால் என் ஈமானை எடை போடுவார்களே என்ற பயம்.

என் கணவரிடம், "ஆண்பிள்ளை அழலாமா?" என்றார்கள். அவர் இன்றுவரை அந்தப் பிள்ளையின் பேரைச் சொன்னதில்லை.

நபி (ஸல்) அவர்கள் தம் மகன் இப்ராஹீமின் உயிர் பிரியும் நேரத்தில் அழுதார்கள். "தாங்களுமா?" என்று நபித்தோழர் அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) கேட்டபோது, இது இரக்கம் என்றார்கள். கண் அழுகிறது, உள்ளம் வேதனைப்படுகிறது, ஆனாலும் இறைவனுக்குப் பிடிக்காததைச் சொல்லமாட்டோம் என்றார்கள். புகாரி ஹதீஸ் (நபிமொழி) தொகுப்பில் இருக்கிறது. கன்னத்தில் அறைந்துகொள்வதையும் உடையைக் கிழிப்பதையும்தான் தடுத்தார்கள். இதை யாராவது அன்றைக்கே எங்கள் இருவருக்கும் சொல்லியிருக்கலாம்.

அந்தப் பக்கம் எப்போதுமே இப்படித்தான். கணவர் கோபக்காரரா, மனைவி சபூர் (பொறுமை) செய்யட்டும். மாமியார் சரியில்லையா, அதற்கும் மருமகள் சபூர் செய்யட்டும். தம் குடும்பத்தாரிடம் சிறந்தவரே உங்களில் சிறந்தவர் என்ற ஹதீஸ் ஆண்களுக்கும் சேர்த்துத்தானே? நபியவர்கள் வீட்டு வேலைகளில் ஒத்தாசையாக இருந்ததை அவர்களின் மனைவி ஆயிஷா (ரலி) சொல்லியிருக்கிறார்கள். அதை அங்கே படித்ததாக எனக்கு நினைவில்லை.

திக்ரு (இறைநினைவு) மனதை அமைதிப்படுத்தும் என்பதை நான் மறுக்கவில்லை. என்னைத் தாங்கியதில் பாதி அதுதான். 'கவலையிலிருந்தும் துக்கத்திலிருந்தும் உன்னிடம் பாதுகாப்புத் தேடுகிறேன்' என்ற துஆவை (பிரார்த்தனையை) நபியவர்கள் அடிக்கடி ஓதினார்கள். ஈமான் உள்ளவருக்குக் கவலையே வராது என்றால் அந்த துஆ எதற்கு?

மன்னிப்பு, மறுப்பு எதுவும் நான் கேட்கவில்லை. அடுத்த இதழில் அதே பக்கத்தில் ஒரு வரி போடுங்கள்: 'மனநலத்துக்கு மருந்து எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம்.' நிவாரணம் இல்லாமல் எந்த நோயையும் அல்லாஹ் இறக்கவில்லை என்ற ஹதீஸைக் கீழே சேருங்கள். எழுத்து கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும்.

வஸ்ஸலாம்,
நெடுநாள் வாசகி