தண்டுவடம் அடிபட்டவர்களுக்கும் வயதாகிறது

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். அக்டோபர் 1 முதியோர் தினத்துக்கு நம் நாளிதழில் வந்த சிறப்புப் பக்கத்தை ஒரு வரி விடாமல் படித்தேன். சர்க்கரை, மூட்டுவலி, மறதி என்று எல்லாம் இருந்தது, முதுகுத் தண்டுவடம் அடிபட்டு வீல்சேரிலேயே வயதாகிறவர்களைப் பற்றி மட்டும் எதுவும் இல்லை. குறையாகச் சொல்லவில்லை, எங்களில் யாராவது எழுதினால்தானே தெரியும்.

1993-இல் பதநீர் இறக்க ஏறியபோது பனையிலிருந்து விழுந்தேன். அப்போது வயது 26, இப்போது 58. இடுப்புக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்ச்சியும் இல்லை. பத்து வருஷம் தாண்டமாட்டான் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அதிலும் தப்பில்லை. இரண்டாம் உலகப் போர் வரைக்கும் தண்டுவடம் அடிபட்டவர்களில் பெரும்பாலோர் படுக்கைப் புண்ணிலும் சிறுநீரகத் தொற்றிலும் சீக்கிரமே இறந்துபோனார்கள். 1944-இல் இங்கிலாந்தில் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் டாக்டர் லுட்விக் குட்மான், ஆளைத் திருப்பித் திருப்பிப் படுக்கவைத்து, புண் வராமல், சிறுநீர் தேங்காமல் பார்த்துக்கொண்ட பிறகுதான் நிலைமை மாறத் தொடங்கியது. நம் பக்கத்திலும் வேலூர் சி.எம்.சி., ஆய்க்குடி அமர் சேவா சங்கம் போன்ற இடங்களால் எத்தனையோ பேர் எழுந்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

சரி, பிழைத்துவிட்டோம். அப்புறம்?

முதலில் போவது தோள். கால் செய்ய வேண்டிய வேலையை எல்லாம் 32 வருஷமாகக் கைதான் செய்கிறது. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து கக்கூஸுக்கு, அது போக புண் வராமல் இருக்க அரைமணிக்கு ஒரு தடவை இரண்டு கையையும் ஊன்றி உடம்பைத் தூக்கி இறக்க வேண்டும். போன வருஷம் வலது தோளில் தசைநார் கிழிந்திருக்கிறது என்றார்கள். ஆறு வாரம் கைக்கு ஓய்வு கொடுங்கள் என்றார் டாக்டர். நல்ல மனிதர்தான், ஆனால் அந்தக் கைக்கு ஓய்வு கொடுத்தால் என்னைக் கட்டிலிலிருந்து யார் இறக்குவது?

எலும்பும் மெலிந்துபோகிறது. ஒருநாள் சட்டை போடும்போது இடது முழங்காலுக்கு மேலே வீங்கி, தொட்டால் சூடாக இருந்தது. எக்ஸ்ரேயில் முறிவு. எப்போது முறிந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, வலித்தால்தானே தெரியும்.

கழுத்தில் அடிபட்ட நண்பர் ஒருவரின் கதை இதைவிட மோசம். சிறுநீர் டியூப் அடைத்துக்கொண்டு ரத்த அழுத்தம் 200-ஐத் தாண்டிவிட்டது, தலை வெடிப்பதுபோல வலி. அவசரப் பிரிவில் பிரஷர் மாத்திரை கொடுத்துப் படுக்கவைத்தார்கள். டியூபைப் பாருங்கள் என்று அவர் மனைவி கெஞ்சிக் கெஞ்சி, கடைசியில் அதை மாற்றிய கொஞ்ச நேரத்தில் பிரஷர் இறங்கியது. நெஞ்சின் மேல்பகுதியிலோ கழுத்திலோ தண்டுவடம் அடிபட்டவர்களுக்கு இப்படி வரும், உயிரே போகலாம். இதை ஒவ்வொரு அவசரப் பிரிவிலும் எழுதி ஒட்டினால்கூடப் போதும்.

நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. மாவட்டத் தலைமை மருத்துவமனையில் வருஷத்துக்கு ஒரு நாள், எங்களுக்கென்று. சிறுநீரக ஸ்கேன், தோள், எலும்பு, தோல், உட்காரும் மெத்தை இவ்வளவையும் ஒரே இடத்தில், ஒரே நாளில் பார்த்தால் போதும். ஒவ்வொரு பிரிவுக்கும் ஒவ்வொரு நாள் ஆட்டோ பிடித்து வருவது எங்களால் ஆகாது.

இன்னொன்று, பார்த்துக்கொள்கிறவர்களுக்கும் வயதாகிறது. விழுந்த புதிதில் ராத்திரியில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுந்து என்னைப் புரட்டிப் போட்டது அம்மாதான். இப்போது அவருக்கு 79. நேற்று ராத்திரியும் எழுந்து வந்தார், என்னைத் திருப்ப முடியவில்லை, கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். துணைக்கு ஆள் வைக்க அரசு ஏதாவது வழி செய்தால் அதை அம்மா இருக்கும்போதே செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தென்காசி மாவட்டம்