சத்திரக்காரன் கணக்கு

அன்பு மகள் ஜெபாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். கர்த்தருடைய கிருபையால் இங்கே நானும் அம்மாவும் நலம். அம்மாவின் முழங்கால் வலி மட்டும் இந்த வருடம் மழைக்கு முன்பே வந்து உட்கார்ந்துகொண்டது. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் அழுதபோது, பேச ஒன்றும் தோன்றாமல் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். கூரை வேலை செய்கிறவர், காலில் ஆறாத சர்க்கரைப் புண், இன்சூரன்ஸ் கிடையாது. கட்டண விலக்கு வேண்டுமானால் மூன்று மாதச் சம்பளச் சீட்டு கொண்டுவரச் சொன்னார்கள். அன்றாடக் கூலிக்காரனுக்குச் சம்பளச் சீட்டு ஏது? "நான் டாக்டருக்குப் படித்தேனா, ஏழை என்று அத்தாட்சி கேட்கப் படித்தேனா அப்பா?" என்றாய். 29 வருடம் அந்த அத்தாட்சியைக் கேட்டுக் கேட்டு வாங்கியவன் உன் அப்பா. அதனால்தான் வாய் அடைத்துப்போயிற்று. எழுத்தில் என்றால் நீ குறுக்கே பேச முடியாது.

போன ஐப்பசியில் நான் பிலடெல்பியா வந்திருந்தபோது, நீ டியூட்டிக்குப் போன பிறகு எட்டாவது தெருவும் பைன் தெருவும் சந்திக்கும் இடத்தில் இருக்கும் பென்சில்வேனியா ஆஸ்பத்திரியின் பழைய கட்டடத்தை மூன்று முறை போய்ப் பார்த்தேன். சிவப்புச் செங்கல், முன்னால் தோட்டம், நடுவில் அந்த மாகாணத்தை நிறுவிய வில்லியம் பென்னின் ஈயச் சிலை. வேலையற்றவன் வேலை என்று நீ சிரித்தாய். அங்கே என்னைப் பிடித்து நிறுத்தியது அவர்களுடைய முத்திரை. நல்ல சமாரியன் அடிபட்டவனைச் சத்திரத்தில் சேர்க்கிற படம்; அடியில் லூக்கா பத்தாம் அதிகாரத்து வசனம். "நீ இவனை விசாரித்துக்கொள்" என்று நம் வேதத்தில் இருக்கிறதே, அதுதான். செலவானதை நான் திரும்பத் தருகிறேன் என்பது அதன் மறுபாதி. சின்ன வயதிலிருந்து நூறு பிரசங்கம் கேட்டிருப்பேன். எல்லாமே சமாரியனைப் பற்றியவை. அடிபட்டவனைக் கண்டும் காணாமல் விலகிப் போன ஆசாரியனுக்கும் லேவியனுக்கும் திட்டு விழும். சத்திரக்காரனைப் பற்றி எந்தப் போதகரும் வாய் திறந்ததில்லை. கையில் கிடைத்தது இரண்டு பணம், மீதிக்கு வெறும் வாய்வார்த்தை, படுக்கையில் முன்பின் தெரியாத ஆள். என்னைப்போல ஒரு கணக்குப்பிள்ளை அவன்.

அந்த ஆஸ்பத்திரியின் கதையும் கணக்கில்தான் தொடங்குகிறது. 1751இல் தாமஸ் பாண்ட் என்ற டாக்டர் ஊரில் நன்கொடை கேட்டு அலைந்தார். போன இடத்திலெல்லாம் "பிராங்க்ளினிடம் பேசினீர்களா?" என்று கேட்டார்களாம். அந்த ஊரில் செல்வாக்குள்ள அச்சகக்காரரான பெஞ்சமின் பிராங்க்ளின் உள்ளே வந்தார். சட்டசபையில் கிராமப்புற உறுப்பினர்கள் முரண்டு பிடித்தார்கள்: இது பட்டணத்துக்காரனுக்கு ஆகும், நமக்கு என்ன, வருகிற பணம் டாக்டர் சம்பளத்துக்கே சரியாகிவிடும். பாண்ட், அவர் தம்பி, இன்னொரு டாக்டர் மூவரும் மூன்று வருடம் சம்பளமில்லாமல் பார்க்கிறோம் என்றார்கள். பிராங்க்ளின் ஒரு நிபந்தனை போட்டு மசோதா எழுதினார்: பொதுமக்கள் 2000 பவுண்டு சேர்த்தால் மட்டும் அரசு 2000 பவுண்டு தரும். மக்களால் அவ்வளவு சேர்க்கவே முடியாது, செலவில்லாமல் தர்மவான் பேர் கிடைக்கும் என்று நினைத்த உறுப்பினர்கள் கையைத் தூக்கினார்கள். மக்களோ, நாம் கொடுக்கிற ஒவ்வொன்றும் இரண்டாகிறதே என்று கொடுத்தார்கள். இந்தத் தந்திரத்தைப் பின்னாளில் நினைத்தபோது தன்னை எளிதாகவே மன்னித்துக்கொண்டதாக அவரே தன் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். தகர உண்டியல்களில் தங்க எழுத்தில் 'ஆஸ்பத்திரிக்குத் தர்மம்' என்று எழுதி நிர்வாகிகளின் வீடுகளில் வைத்தார்கள். உண்டியல் என்றதும் எனக்கு நம் ஊர் வாசனை வந்துவிட்டது.

1752இல் வாடகை வீட்டில் தொடங்கினார்கள். நோயாளிகளுக்கான விதிகளை வாசித்தபோதுதான் எனக்கு முதுகு சில்லிட்டது. தீராத வியாதிக்காரருக்கு இடமில்லை, புத்தி பேதலித்தவர்களுக்கு மட்டும் விதிவிலக்கு. அம்மைக்கும் தொற்றுக்கும் தனி அறை கட்டும்வரை இடமில்லை. கைக்குழந்தைக்காரி குழந்தையை வேறு எங்காவது விட்டுவிட்டு வர வேண்டும். செத்தால் அடக்கச் செலவுக்கு ஒருவர் பிணை நிற்க வேண்டும். எழுந்து நடமாட முடிந்தவர்கள் மற்ற நோயாளிகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும், துணி துவைக்க வேண்டும். சீட்டாடினாலோ ஊருக்குள் பிச்சை எடுத்தாலோ வெளியே. குணமானவர்கள் தாங்கள் பெற்ற நன்மையை எழுதிக் கையெழுத்திட வேண்டும், அதை அச்சிட்டுக்கொள்ளலாம். நியாயமாகச் சொன்னால் இன்னொரு விதியும் உண்டு: திடீர் விபத்தில் அடிபட்டு வருகிறவருக்காக ஒரு படுக்கையாவது எப்போதும் காலியாக இருக்க வேண்டும். சமாரியன் கதைக்கு அந்த ஒரு கட்டிலைத் தவறாமல் ஒதுக்கியிருந்தார்கள்.

இவர்களைக் கல்நெஞ்சக்காரர்கள் என்று நினைத்துவிடாதே. நிர்வாகிகளில் பலர் குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர். ஒவ்வொரு மனிதனுக்குள்ளும் தேவ ஒளி உண்டு என்று நம்புகிறவர்கள். ஆனால் அந்தப் பென்சில்வேனியா மாகாணம் எப்படிப்பட்டதென்று பார். அங்கே 1718இல் போட்ட சட்டப்படி, பொதுப் பணத்தில் உதவி பெறுகிறவர் வலது தோளில் சிவப்பு அல்லது நீலத் துணியில் வெட்டிய 'பி' எழுத்தைத் தைத்துக்கொண்டு நடக்க வேண்டும். ஆங்கிலத்தில் பரம ஏழை என்ற சொல்லின் முதல் எழுத்து அது. கூடவே ஊர்ப் பெயரின் முதல் எழுத்து. ஏழைகளை இரண்டு கூடையில் போட்டுப் பார்த்த காலம்: உழைத்து நோயில் விழுந்தவன் ஒன்று, 'சோம்பேறி' மற்றொன்று. முதல் கூடைக்கு ஆஸ்பத்திரி. இரண்டாவது கூடைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு தெரு தள்ளி, 1767இல் கட்டிய 'திருத்தும் இல்லம்'. அங்கே பழைய கயிற்றைப் பிரித்து நாராக்கி ஏழைகள் திருந்த வேண்டும். அதை நடத்தியவர்களிலும் குவேக்கர் வணிகர்கள் இருந்தார்கள். எந்தக் கூடை என்று பிரிக்க வாசலில் ஒருவன் உட்கார வேண்டுமே.

நம் ஊர் மிஷன் ஆஸ்பத்திரியில் அப்படி உட்கார்ந்தவன் நான். உனக்கு என் மேஜை ஞாபகம் இருக்கும். ஊதா மை ஒத்தி, பித்தளைக் குத்தூசியில் குத்திய சீட்டுகள். போதகரோ பஞ்சாயத்துத் தலைவரோ "இவர் ஏழை, நன்னடத்தை உள்ளவர்" என்று எழுதித்தரும் சீட்டு இருந்தால் பாதிக் கட்டணம், சில சமயம் இலவசம். அந்த 'நன்னடத்தை' என்ற வார்த்தையை நான் ஒருநாளும் யோசித்ததில்லை. காய்ச்சலுக்கும் நன்னடத்தைக்கும் என்ன சம்பந்தம்? குணமானவர்களிடம் நாங்களும் நன்றிக் கடிதம் வாங்கி வெளிநாட்டுக்கு அனுப்பினோம். கைநாட்டுக்காரர்களுக்கு நானே எழுதிக்கொடுப்பேன்; எல்லாக் கடிதமும் ஒரே மாதிரி இருக்கும்.

உனக்குச் சொல்லாத ஒன்று. நீ அப்போது இரண்டாம் வகுப்பு. காதில் சீழ் வடிய, காய்ச்சலோடு ஒரு பையனைத் தூக்கிக்கொண்டு ஒரு பெண் வந்தாள். சீட்டு இல்லை. அவள் சபையைச் சேர்ந்தவள் அல்ல. தலைவருக்கும் அவள் தெருவுக்கும் ஆகாது. "சீட்டு வாங்கிட்டு வாம்மா" என்றேன். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, தினமும் சொல்வதுபோலத்தான் சொன்னேன். மறுநாள் மாலை வந்தாள். மடித்த சீட்டு வியர்வையில் ஊறி எழுத்தெல்லாம் கலைந்திருந்தது. யார் கையெழுத்து என்றே தெரியவில்லை. நான் முத்திரை குத்திவிட்டேன். பையன் பிழைத்தான். ஒரு காது போய்விட்டது. பிறகு பல வருடம் பஸ் நிலையத்தில் முறுக்கு விற்றான். கூப்பிட்டால் முழு உடம்பையும் திருப்பித்தான் பார்ப்பான். நான் அவனிடம் எத்தனையோ முறுக்கு வாங்கியிருக்கிறேன். நம் வீட்டில் முறுக்கு தின்னாமல் கிடந்து சவுத்துப்போனதற்கு அம்மா திட்டியது உனக்கு நினைவிருக்கலாம்.

சரி, பிலடெல்பியாவுக்கு வருகிறேன். அந்த ஊரின் சத்திரக்காரர்களைச் சோதித்தது 1793ஆம் வருடத்து மஞ்சள் காய்ச்சல். ஏறக்குறைய 50,000 பேர் இருந்த ஊரில் சுமார் 5,000 பேர் செத்தார்கள். வசதியுள்ளவர்கள் ஊரைவிட்டே போய்விட்டார்கள். தொற்றுக்கு இடமில்லை என்று ஆஸ்பத்திரி கதவைச் சாத்தியது. ஏழை நோயாளிகளைக் காலியாக இருந்த ஒரு சர்க்கஸ் கொட்டகையில் கொண்டுபோய்ப் போட்டார்கள். கொளுத்திவிடுவோம் என்று அக்கம்பக்கத்தார் மிரட்டினார்கள். பிறகு சொந்தக்காரர் ஊரில் இல்லாத புஷ் ஹில் மாளிகையை எடுத்து ஆஸ்பத்திரி ஆக்கினார்கள். அங்கே நோயாளிகளை நேரில் நின்று கவனிக்க முன்வந்தவர்களில் ஒருவர் ஸ்டீபன் ஜிரார்டு என்ற வணிகர். பாதிரிமார் சகவாசமே ஆகாத ஆள் அவர். பின்னால் அனாதைப் பிள்ளைகளுக்குப் பள்ளி வைக்க உயில் எழுதியபோது, எந்த மதகுருவும் அதன் வாசற்படி ஏறக்கூடாது என்று எழுதிவைத்தார். இதை நம் சபையில் சொன்னேன், யாரும் ரசிக்கவில்லை.

ஜிரார்டைவிட என்னைத் தூங்கவிடாதவர்கள் ரிச்சர்ட் ஆலனும் அப்சலோம் ஜோன்ஸும். இருவரும் அடிமைகளாகப் பிறந்தவர்கள். வெள்ளையர் கோவிலில் முழங்காலில் நின்று ஜெபித்துக்கொண்டிருந்தவர்களை நடு ஜெபத்தில் பிடித்து எழுப்பியதால் வெளியேறியவர்கள். கறுப்பருக்கு இந்தக் காய்ச்சல் வராது என்று டாக்டர் பெஞ்சமின் ரஷ் நம்பினார். நோயாளிகளைப் பார்க்க அவர்களை அழைத்தார். வராது என்பது பொய்யாயிற்று, நூற்றுக்கணக்கில் செத்தார்கள். ஆனாலும் வீடுவீடாய்ப் போய்ப் பார்த்தார்கள், பிணம் சுமந்தார்கள். காய்ச்சல் ஓய்ந்ததும் மேத்யூ கேரி என்ற பதிப்பாளர், கறுப்பு தாதிகளில் சிலர் கொள்ளையடித்தார்கள் என்று அச்சடித்தார். அதற்கு இருவரும் 1794இல் ஒரு சிறு நூலில் பதில் சொன்னார்கள். அதில் கணக்கே போட்டிருக்கிறார்கள், ஜெபா! வரவு 233 பவுண்டு 10 ஷில்லிங் 4 பென்ஸ். செலவு: பணம் வராத சவப்பெட்டிகளுக்கு 33 பவுண்டு, ஐந்து ஆட்களின் கூலி, மூவருக்கு 70 நாள், இருவருக்கு 63 நாள், நாளுக்கு 22½ ஷில்லிங், ஆக 378 பவுண்டு. கைநஷ்டம் 177 பவுண்டு 9 ஷில்லிங் 8 பென்ஸ். பழக்கதோஷம், பென்சிலை எடுத்துக் கூட்டிப் பார்த்தேன். ஒரு பென்ஸ்கூடப் பிசகவில்லை.

அதே நூலில் சாம்ப்சன் என்ற ஏழைக் கறுப்பரைப் பற்றி இரண்டு மூன்று வரி வருகிறது. உதவிக்கு ஆளில்லாத வீடுகளாகத் தேடிப் போவார், கூலி வாங்கமாட்டார். கடைசியில் அந்தக் காய்ச்சலிலேயே செத்தார். அவர் யாருக்கெல்லாம் உழைத்தாரோ அவர்கள் அவருடைய குடும்பத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. சத்திரக்காரனுக்கு மீதிப் பணம் வந்துசேர்ந்ததா என்று லூக்காவும் எழுதவில்லை.

உன் கூரை வேலைக்காரருக்கு வருகிறேன். சம்பளச் சீட்டு இல்லாதவர்களுக்கென்று வேறு ஏதாவது படிவம் இருக்கும்; எல்லா ஆபீசிலும் இருக்கும், மேஜைக்குப் பின்னால் இருக்கிறவன் சொல்லமாட்டான், அவ்வளவுதான். நானும் சொன்னதில்லை. எங்கள் ஆஸ்பத்திரியில் சீட்டில்லாமல் சேர்க்க மருத்துவ அதிகாரிக்கு அதிகாரம் இருந்தது. நான் உள்ளே போய் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும், இருபது அடி தூரம். நீ அந்த ஜன்னலுக்குப் போய், அங்கே இருப்பவரிடம் கோபப்படாமல் கேள். அவருக்கும் மாலையில் வீட்டுக்குப் போகிற அவசரம் இருக்கும். ஒரு காபி வாங்கிக்கொண்டு போனால் நல்லது.

மாப்பிள்ளைக்கு நார்த்தங்காய் ஊறுகாயும் உனக்கு எள்ளுப்பொடியும் அடுத்த வாரம் பார்சலில் வரும். எட்டாவது தெருவிலிருந்து பைன் தெரு வழியாகப் பத்தாவது தெருவரை ஒருநாள் நடந்து பார். திருத்தும் இல்லம் இருந்த இடத்தில் இப்போது என்ன இருக்கிறதென்று போட்டோ எடுத்து அனுப்பு. அந்தப் பக்கம் போக எனக்கு அன்று நேரமில்லாமல் போய்விட்டது.

அந்த ஆள் கட்டு மாற்ற வியாழக்கிழமை வர வேண்டும் என்றாயே. வந்தாரா?

இப்படிக்கு
அன்புள்ள அப்பா