உன் அலமாரியிலிருந்து

மயூர் விஹார், தில்லி
தை மாதம்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். என் முழங்கால் வலி மட்டும் குளிரோடு வந்திருக்கிறது, குளிரோடு போய்விடும். இதையெல்லாம் போனில் சொல்லியிருக்கலாமே என்று நீ நினைப்பாய். போனில் நான் தொடங்குவதற்குள் நீ சாப்பிட்டீர்களா என்பாய், நான் அங்கே மணி என்ன என்பேன், அத்துடன் பேச்சு முடிந்துவிடும். அதனால்தான் கடிதம்.

தீபாவளி கழிந்த பிறகு உன் அறைக்கு வெள்ளையடிக்க ஏற்பாடு செய்தோம். அலமாரியிலிருந்த உன் கதைப் புத்தகங்களை ஒழித்துவிடலாம் என்று எண்ணி, பழைய பேப்பர் வாங்கும் கபாடிவாலாவைத் தராசோடு வரச் சொல்லியிருந்தேன். அவர் வந்து கூடத்தில் உட்கார்ந்த பிறகு அம்மா என்னைத் தனியாக அழைத்து, "பத்து வருடமாக அவளை இந்தப் புத்தகங்களுக்காகத் திட்டினீர்கள். எடைக்குப் போடுவதற்கு முன்னால் ஒன்றையாவது பிரித்துப் பார்த்தால் என்ன?" என்று கேட்டாள். பாதிக்கு மேற்பட்டவை ஞாயிற்றுக்கிழமைகளில் தரியாகஞ்ச் நடைபாதைப் பழைய புத்தகக் கடைகளில் நாமே வாங்கியவை, அவற்றில் சில கிலோக் கணக்கில் நிறுத்து வாங்கியவை. எடைக்கு வாங்கியதை எடைக்குப் போடுவதில் தவறில்லை என்று வாதிட்டுப் பார்த்தேன். எடுபடவில்லை. கபாடிவாலா பழைய செய்தித்தாள்களையும் என் துறைத் தேர்வு வழிகாட்டி நூல்களையும் கட்டிக்கொண்டு போனார். இந்த இரண்டு மாதங்களில், மொட்டைமாடி வெயிலில் நாற்காலி போட்டுக்கொண்டு, வேர்க்கடலைத் தோல் பக்கங்களுக்கு நடுவே விழுந்துவிடாமல் பார்த்துக்கொண்டு, பதினொரு புத்தகங்களைப் படித்து முடித்திருக்கிறேன்.

முதலில் என் கண்ணில் பட்டது மந்திரமும் இல்லை, டிராகனும் இல்லை. பெற்றோர்கள் அநியாயத்துக்கு விரைவாக ஒழிந்துபோவதுதான். ஹாரி பாட்டரைக் கைக்குழந்தையாக வாசலில் கொண்டுவந்து வைக்கும்போதே தாயும் தகப்பனும் கொல்லப்பட்டுவிட்டார்கள். உர்சுலா லெ குவின் 1968-இல் எழுதிய எர்த்ஸீ நாவலின் நாயகன் கெட் என்பவனுக்கு ஒரு வயது நிறைவதற்குள் தாய் இறந்துவிடுகிறாள், தகப்பன் வாய் திறவாத வெண்கலக் கொல்லன். ஹங்கர் கேம்ஸ் நாவலின் காட்னிஸ் பதினொரு வயதாயிருக்கும்போது அவளுடைய தகப்பன் நிலக்கரிச் சுரங்க வெடிப்பில் போய்விடுகிறான். எங்கள் அமைச்சகத்தில் ஓர் எழுத்தர் பதவிகூட இவ்வளவு வேகமாகக் காலியானதில்லை.

மூன்றாவது புத்தகத்தில் எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது. பிள்ளைகளுக்கென்று எழுதுகிறவர்களுக்குப் பெற்றோர் மேல் இவ்வளவு வெறுப்பா என்று அம்மாவிடம் கேட்டேன். அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே, "நீங்கள் அந்த வீட்டில் இருந்தால் அந்தப் பையனை மந்திரப் பள்ளிக்கு அனுப்பியிருப்பீர்களா?" என்று மட்டும் கேட்டாள். அனுப்பியிருக்க மாட்டேன். ஆந்தை கொண்டுவந்த கடிதத்தை நம்பி யார் அனுப்புவார்கள்? அந்தப் பள்ளிக்கு அங்கீகாரம் உண்டா என்று நாலு பேரிடம் விசாரித்திருப்பேன், விடுதிக் கட்டணத்துக்கு ரசீது கேட்டிருப்பேன், கதை அங்கேயே நின்றிருக்கும். கதை நகர வேண்டுமானால் என்னைப் போன்றவன் வாசலில் இருக்கக் கூடாது என்பதை அன்று ஒப்புக்கொண்டேன், மனமில்லாமல்தான்.

பெற்றோர் இருவரும் உயிரோடு இருக்கும் கதை ஒன்றாவது இருக்காதா என்று தேடியபோது பிலிப் புல்மனின் மூன்று பாக நாவலில் முதல் பாகம் கிடைத்தது. அந்த உலகத்தில் ஒவ்வொருவருடைய உயிரும் ஒரு விலங்கின் வடிவில் உடலுக்கு வெளியே கூடவே நடக்கிறது. சிறு வயதில் அது நினைத்த உருவத்தை எடுக்கிறது, வளர்ந்த பிறகு ஏதோ ஓர் உருவத்தில் நிலைத்துவிடுகிறது. வேலைக்காரர்களுக்கு அது பெரும்பாலும் நாயாகத்தான் இருக்குமாம். மத்திய அரசில் முப்பத்து நான்கு ஆண்டுகள் குப்பை கொட்டிய எனக்கு எது வாய்த்திருக்கும் என்று அம்மாவிடம் கேட்கவில்லை. நான் சொல்ல வந்தது வேறு. அதில் வரும் லைராவுக்குத் தாயும் இருக்கிறாள், தகப்பனும் இருக்கிறான். மகிழ்ச்சியோடு படித்துக்கொண்டே போனால், அவள் சித்தப்பா முறை என்று நம்பியிருந்தவன்தான் தகப்பன், பிள்ளைகளைப் பிடித்துச் சென்று உயிரை அறுத்துப் பிரிக்கும் கூட்டத்தின் தலைவிதான் தாய்! கடைசியில் அந்தத் தகப்பன் மகளுடைய நண்பனையே தன் ஆராய்ச்சிக்குப் பலி கொடுக்கிறான். புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, செத்துப்போன பெற்றோரே மேல் என்று நினைத்துக்கொண்டேன்.

நம் ஊர்க் கதைகளிலும் பிள்ளைகள் காட்டுக்குப் போகிறார்கள். ஐந்து வயதில் துருவன் போகிறான், பதினான்கு ஆண்டுகளுக்கு இராமன் போகிறான். ஆனால் கம்பன் இராமனோடு மட்டும் நடந்துவிடாமல், பின்னால் அரண்மனையில் விழுந்து கிடக்கும் தசரதனோடும் கடைசி வரை இருக்கிறான். சங்கப் பாடல்களில் மகள் காதலனோடு பாலை வழியே போய்விட்டால், அவளுக்கு இருப்பதுபோலவே, வீட்டில் இருக்கும் தாய்க்கும் பாட்டு உண்டு. ஐங்குறுநூற்றில் அந்தப் புலம்பலுக்கென்றே பத்துப் பாட்டுகள் கொண்ட ஒரு பகுதி இருக்கிறது. கலித்தொகையில் மகளைத் தேடிக்கொண்டு போகும் வளர்ப்புத் தாயான செவிலியிடம், எதிரே வரும் துறவிகள், சந்தனம் பிறந்த மலைக்கு அதனால் என்ன பயன், முத்து பிறந்த நீருக்கு என்ன பயன், இசை பிறந்த யாழுக்கு என்ன பயன், பெற்றவர்களுக்கு மகளும் அப்படித்தானே என்று கேட்பார்கள். கல்லூரியில் படித்தபோது எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. நீ விமானம் ஏறிய பிறகு பிடிக்காமல் போயிற்று. மூன்று உவமைகளைச் சொல்லிவிட்டு அவர்கள் குடையைப் பிடித்துக்கொண்டு தம் வழியே போய்விடுகிறார்கள், அவர்களுக்கு என்ன. உன் புத்தகங்களில் நான் முதலில் தேடியது இந்தச் செவிலியைத்தான். போகிறவர்களுக்காக எழுதப்பட்டவற்றில், இருக்கிறவர்களைத் தேடியது என் பிழைதான்.

பிறகு ஹங்கர் கேம்ஸில் ஒரு தாயைப் பார்த்தேன். அதைப் பற்றி எழுதத்தான் இவ்வளவு சுற்றி வந்திருக்கிறேன்.

அந்த நாவலை நான் விரும்பிப் படிக்கவில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். முழுக்க நிகழ்காலத்தில் எழுதியிருக்கிறார்கள், ஓடுகிறேன், குனிகிறேன், எய்கிறேன் என்று. குறிப்பெழுதிப் பழகிய கைக்கு அது மூச்சு வாங்குகிறது. பிள்ளைகள் பிள்ளைகளைக் கொல்வதைப் பொழுதுபோக்காகப் பார்க்கும் அந்த நாட்டைக் கண்டிக்கும் புத்தகமே, என்னையும் அடுத்துச் சாவது யார் என்று பக்கம் புரட்ட வைத்தது எனக்குச் சங்கடமாகவும் இருந்தது. ஆனால் தொடக்கத்திலேயே அந்தத் தாய் வருகிறாள். கணவன் இறந்த பிறகு அவள் நாற்காலியில் உட்கார்ந்து வெறித்துக்கொண்டே இருக்கிறாள், அல்லது போர்வைக்குள் கிடக்கிறாள். குழந்தைகள் பட்டினி கிடக்கிறார்கள். மூத்தவள் வேட்டையாடி வீட்டைக் காப்பாற்றுகிறாள், தாயை மன்னிக்க மட்டும் அவளால் முடியவில்லை. அந்தப் பத்திகளின் ஓரத்தில் நீ பென்சிலால் கோடு போட்டிருக்கிறாய். மெல்லிய கோடு இல்லை; மறுபக்கத்தில் விரலால் தடவினாலும் தெரிகிறது.

2011-ஆம் ஆண்டு, நீ ஒன்பதாம் வகுப்பு. என்னைப் பணியிடை நீக்கம் செய்து விசாரணை நடந்த எட்டு மாதங்கள். பிழைப்பூதியம் பாதிச் சம்பளத்துக்கு மேல் இல்லை. அம்மா கூடத்தில் பாய் விரித்து அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுத்தாள். மதர் டெய்ரி பூத்துக்குத் தூக்குப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போய் டோக்கன் பால் வாங்கி வந்ததும், மின்கட்டண வரிசையில் நின்றதும் நீ. நான் பால்கனியில் எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். குற்றமில்லை என்று ஒரே வரியில் கடிதம் வந்தது, மறுநாள் குளித்துச் சவரம் செய்துகொண்டு அலுவலகம் போனேன், அதோடு அது முடிந்தது என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன். "வீட்டில் இப்படி ஒரு நிலைமை, நீ சூனியக்காரிக் கதை படிக்கிறாயா" என்று உன் கையிலிருந்து ஒரு புத்தகத்தைப் பிடுங்கி எறிந்தது நினைவிருக்கிறது. இந்தப் புத்தகம்தானா என்று தெரியவில்லை. இதன் முதுகு உடைந்திருக்கிறது.

அதே நாவலில், காட்னிஸ் போட்டிக்குப் போகும் முன், இனி ஒருமுறை அப்படி விலகிப் போய்விடக் கூடாது என்று தாயிடம் கடுமையாகச் சொல்கிறாள். தாய், தான் அப்போது நோயுற்றிருந்ததாகவும், இன்றிருக்கும் மருந்து அன்றிருந்தால் தன்னைத் தானே குணப்படுத்திக்கொண்டிருக்கலாம் என்றும் பதில் சொல்கிறாள். அந்த இடத்தில் கோடு இல்லை. பென்சில் முனை அதற்குள் உடைந்திருக்கலாம். அந்த வரியை நான் மூன்று தடவை படித்தேன், கோடு போடவில்லை, புத்தகம் உன்னுடையது.

இப்போது ஓகியனைப் பற்றி. எர்த்ஸீயில் கெட்டின் முதல் ஆசான் அவர். மழையை நிறுத்தத் தெரிந்திருந்தும் நனைந்தபடி மரத்தடியில் படுத்துக்கொள்கிறார். இவ்வளவு வித்தை தெரிந்து என்ன பயன் என்று பையனுக்கு எரிச்சல். நீ விரும்பினால் போகலாம் என்று அவர் வழிவிடுகிறார், அவன் போய்விடுகிறான். பல ஆண்டுகளுக்குப் பிறகு, தன்னைத் துரத்திய ஒரு நிழலுருவத்துக்கு அஞ்சிப் பருந்தாக உருமாறிப் பறந்தவன், மனித வடிவத்தையே மறக்கும் நிலையில் வந்து அவருடைய மணிக்கட்டில் உட்காருகிறான். அவர் அவனை அடையாளம் கண்டுகொண்டு, மீண்டும் மனிதனாக்கி, எங்கே போனாய், என்ன செய்தாய் என்று கேட்காமல் தூங்க வைக்கிறார்.

நீ புனே வேலையை விட்டுவிட்டு, முன்கூட்டிச் சொல்லாமல் காலை ரயிலில் வந்து இறங்கினாயே, அன்று உன் பை தோளிலிருந்து இறங்குவதற்குள் நான் கேட்டவை: நீ விட்டாயா, அவர்கள் எடுத்தார்களா, அனுபவச் சான்றிதழ் தந்தார்களா, பி.எஃப். பணம் என்ன ஆயிற்று. அம்மா காப்பியைக் கொண்டுவந்து நடுவே நீட்டியிராவிட்டால் இன்னும் கேட்டிருப்பேன்.

எர்த்ஸீயின் தீவுகளில் உண்மைப் பெயரை நம்பிக்கையானவர்களிடம் மட்டுமே சொல்வார்கள். பெயர் தெரிந்தவனுக்கு அந்த ஆளின் மேல் அதிகாரம் வந்துவிடும். பாட்டி உனக்கு வைத்த வீட்டுப் பெயரை உன் பள்ளித் தோழிகள் முன்னால் நான் கூப்பிட்டால் நீ ஏன் அவ்வளவு சினந்தாய் என்று இப்போது புரிகிறது. அதனால்தான் இந்தக் கடிதத்தில் அதை எழுதவில்லை. தபாலில் யார் பிரிப்பார்களோ.

அறைக்கு வெள்ளையடித்தாயிற்று. அலமாரி பழைய இடத்திலேயே இருக்கிறது. ஒரு சிக்கல் மட்டும்: புல்மனின் முதல் பாகமும் மூன்றாம் பாகமும் இருக்கின்றன, இரண்டாம் பாகத்தைக் காணவில்லை. அதை நீ கையோடு கொண்டுபோனாயா, யாருக்காவது இரவல் கொடுத்தாயா என்று எழுது. 2019-இல் தரியாகஞ்ச் நடைபாதைக் கடைகளை மகிளா ஹாட் வளாகத்துக்கு மாற்றிவிட்டார்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை அங்கே போய்த் தேடலாம் என்றிருக்கிறேன். நீ எடுத்துப் போயிருந்தால், மடங்கிய பக்கங்களை நிமிர்த்தாமல் அப்படியே அனுப்பு.

அன்புடன்,
அப்பா