களைப்பு எங்களுக்கும் தெரியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு இதழில் சிறந்த சேவைக்காகப் பாராட்டுப் பெற்ற பெண் உத்தியோகத்தர்களைப் பற்றி எழுதியிருந்தீர்கள். சந்தோசம். ஆனால் அதில், ‘சேவையை நேசிப்பவர்களுக்குக் களைப்புத் தெரிவதில்லை’ என்று ஒரு வரி. அதற்கு மேல் வாசிக்க முடியாமல் பேப்பரை மடித்து வைத்துவிட்டேன்.

2009இல், போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த செட்டிகுளம் மனிக்பாம் முகாமில் தொண்டராகத் தொடங்கியவள் நான். இன்றும் வன்னியில்தான் உளவளத்துணை (கவுன்சிலிங்) வேலை. நேசித்துச் செய்பவர்களைத்தான் களைப்பு முதலில் பிடிக்கும். தாங்கள் அறியாததல்ல: 1974இல் ஃபிரொய்டன்பேர்கர் என்ற உளவியலாளர் ‘பேர்ன் அவுட்’ என்ற இந்த வேலைக் களைப்பைப் பற்றி எழுதியதே இலவச மருத்துவ நிலையத்தில் மனமொப்பி உழைத்தவர்களைப் பார்த்துத்தான். 2019இல் உலக சுகாதார நிறுவனமும், வேலைத்தலத்து அழுத்தம் நெடுநாள் கவனிக்கப்படாமல் கிடப்பதால் வருவது என்றே சொன்னது. உடம்பு ஓய்ந்துபோகும், வேலையில் மனம் விட்டுப்போகும், என்ன செய்தும் பயனில்லை என்று தோன்றும்.

மனம் விட்டுப்போனதை நான் ஒரு மத்தியானம் கண்டேன். கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடியில், காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் போராட்டம் தொடங்கிய 2017ஆம் வருடம். ஓர் அம்மா பொலித்தீன் பைக்குள்ளிருந்து மகனின் படத்தை எடுத்து மேசையில் வைத்து அழுதார். நான் மணிக்கூட்டைப் பார்த்தபடி, “எந்தக் கிராம சேவகர் பிரிவு அம்மா?” என்று கேட்டேன். படிவத்தில் அந்தக் கூடு வெறுமையாக இருந்தது. அவர் அழுகையை அடக்கி, மேசையில் சிந்திய கண்ணீரைச் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டுப் பதில் சொன்னார். என் தம்பியும் காணாமல் போனவன்தான் ஐயா. அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை.

எங்களுக்கென்று நடந்தது ஒருநாள் யோகாப் பயிற்சி, ஒரு சான்றிதழ், ஒரு சோற்றுப் பார்சல். அடுத்த நாள் அதே கிராமங்கள், பெற்றோலுக்குக் கைக்காசு. நுண்கடன்காரர் வாசலில் நிற்கும் வீட்டில் போயிருந்து மூச்சுப்பயிற்சி சொல்லிக்கொடுக்கிறோம். கந்தோரில் போட்டோக்கொப்பி மெஷினுக்குப் பக்கத்தில் இருந்துதான் ஒரு பெண் தன் புருசன் அடித்த கதையைச் சொல்ல வேண்டும். ஆறு மாத ஒப்பந்தத்தில் வந்த தங்கச்சிமார் மூன்று பேர் விட்டுப்போனார்கள். அவர்களுடைய கோவைகளும் என் மேசைக்கு வந்தன. அவர்களைப் ‘பொறுமையில்லாத பிள்ளைகள்’ என்றார் மேலதிகாரி. அந்தப் பிள்ளைகள் பதுங்குகுழிக்குள் வளர்ந்தவர்கள். அவர்களுக்கா பொறுமையில்லை?

சரி, யோகாவில் குறையில்லை. ஆனால் ஒருவருக்கு இத்தனை குடும்பம்தான் என்று ஓர் எல்லை வேண்டும். கேட்டதையெல்லாம் நாங்கள் இறக்கிவைக்க, கந்தோருக்கு வெளியே அனுபவமுள்ள ஒருவர் வேண்டும். லீவு கேட்டால் முகம் சுளிக்காதிருக்க வேண்டும்.

மாதத்தில் அரைநாள், வேலை நேரத்திலேயே நாங்கள் கூடிப் பேச அனுமதி கேட்டு இரண்டு தரம் எழுதினோம். பதில் இல்லை. தங்கள் பத்திரிகையில் நாலு வரி வந்தால் பார்க்க வேண்டியவர்கள் பார்ப்பார்கள். அத்துடன், மூடக்கூடிய கதவுள்ள ஓர் அறையும் கேட்டிருந்தோம். அதையும் சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
உளவளத்துணையாளர் ஒருவர்,
வன்னி.