மறதிநோயாளரைப் பார்ப்பவர்களுக்கு ஓர் அரைநாள் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வீடு திரும்பும் வழி தெரியாமல் வீதியோரத்தில் நின்ற முதியவர் ஒருவரைப் பற்றித் தங்கள் பத்திரிகையில் அண்மையில் வெளிவந்த செய்தியில், அவர் ‘மனநிலை பாதிக்கப்பட்டவர்’ என்று எழுதப்பட்டிருந்தது. அதைப் படித்தபின் என்னால் அடுத்த பக்கத்துக்குப் போக முடியவில்லை. என் கணவரும் ஒருநாள் மத்தியானம் படலையைத் திறந்துகொண்டு போய், பொழுதுபடும் வேளையில் நாவற்குழிப் பாலத்தடியில் கண்டுபிடிக்கப்பட்டவர். அல்சைமர் என்னும் மூளை நோய் அவருடைய நினைவைச் சிறிது சிறிதாக எடுத்துக்கொண்டிருந்தது. ஏழு ஆண்டுகள் அவரைப் பராமரித்து, ஆட்டத்திவசமும் முடித்துவிட்ட நான், இப்போது வாசிகசாலைகளிலும் மாதர் சங்கங்களிலும் இந்த நோயைப் பற்றிப் பேசி வருகிறேன்.

வயதானவர் ஒருவர் கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டால், ‘அறளை பேந்திட்டுது’ என்று சொல்லி அத்தோடு விட்டுவிடுவது எங்கள் வழக்கம். நானும் அப்படித்தான் விட்டேன். கணக்கில் ஒரு சதம் பிசகாத கூட்டுறவுச் சங்க முகாமையாளராக இருந்தவர், கடையில் வாங்கிய மிச்சக் காசை எண்ணத் தெரியாமல் உள்ளங்கையை விரித்தபடி என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்ற நாளில்தான் பயம் வந்தது. முதலில் காட்டிய மருத்துவரும் வயதுக்கோளாறு என்றே சொல்லி அனுப்பியதால் இரண்டு ஆண்டுகள் வீணாகின. 1906ஆம் ஆண்டு அலோயிஸ் அல்சைமர் இந்த நோயை முதன்முதலில் விபரித்தபோது எடுத்துக்காட்டிய பெண், மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட காலத்தில் 51 வயதினர். ஆகவே இதை முதுமையின் இயல்பு என்று ஒதுக்க முடியாது. மறதி எல்லாம் அல்சைமரும் அன்று. தைரொயிட் குறைபாடு, விற்றமின் பி12 பற்றாக்குறை, மனச்சோர்வு, சில மருந்துகளின் பக்கவிளைவு ஆகியவற்றாலும் நினைவு தடுமாறும். அவற்றுக்கு வைத்தியம் உண்டு. ‘அறளை’ என்று சொல்லி வீட்டில் இருத்திவிட்டால் எது எதுவென்று யார் கண்டுபிடிப்பது?

நோய் முற்றிய காலத்தில், நள்ளிரவில் எழுந்து வேட்டி சட்டைகளையும் காணி உறுதியையும் உரப்பை ஒன்றில் திணித்துக்கொண்டு, “கெதியா வெளிக்கிடும், பாலம் மூடப் போறாங்கள்” என்று என்னை எழுப்புவார். அவருக்கு அது 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு. போரில் இடம்பெயர்ந்து, யாழ்ப்பாணத்து வலிகாமம் முழுவதும் செம்மணி வழியே நாவற்குழிப் பாலம் கடந்து தென்மராட்சிக்கு நடந்த அதே இரவு. நாவற்குழிப் பாலத்துக்கு அவர் ஏன் போனார் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. தொடக்கத்தில், அதெல்லாம் முடிந்து எவ்வளவோ காலம் என்று வாதாடினேன். அவர் வெகுண்டு என்னைத் தள்ளிவிட்டார். பிறகு, “சரி, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போவமப்பா” என்று சொல்லப் பழகினேன். குசினியில் இருவரும் இருந்து குடித்து முடிப்பதற்குள் அவர் கை பையை விட்டுவிடும். மறதிநோயாளருடன் வாதாடிப் பயனில்லை, அவருடைய பயத்தைத்தான் தணிக்க வேண்டும் என்பதை ஒருவரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, அடிபட்டே அறிந்தேன். நான் பேசப் போகும் இடங்களில் எல்லாம் முதலில் சொல்வது இதைத்தான்.

2021ஆம் ஆண்டளவில் உலகில் 57 மில்லியன் பேர் அல்சைமர் உள்ளிட்ட மறதிநோய்களுடன் வாழ்ந்ததாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது; வீட்டில் இருந்து பராமரிப்பவர்கள் சராசரியாக நாளுக்கு 5 மணித்தியாலம் செலவிடுவதாகவும் அது கணிக்கிறது. பிள்ளைகள் கடல் கடந்து போய், வீட்டில் இரண்டு முதியவர்கள் மட்டும் எஞ்சியிருக்கும் எங்கள் ஊர்களில் அது 5 மணித்தியாலத்தோடு நிற்பதில்லை. என் கண்ணில் வெண்புரை வளர்ந்து, சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்த பிறகும் நான் போகாமல் விட்டதற்குக் காரணம், அவரை அரைநாள் நம்பி ஒப்படைக்க ஓர் இடம் என் கைக்கெட்டிய தூரத்தில் இல்லாததுதான். பகலில் இவர்களை வைத்துப் பார்க்கும் நிலையத்தைக் கொழும்பில் லங்கா அல்சைமர்ஸ் பவுண்டேசன் நடத்துகிறது. ஏறத்தாழ 400 கிலோமீற்றருக்கு அப்பால் உள்ள அந்த இடம் உரும்பிராயில் இருக்கும் ஒருத்திக்கு எப்படி உதவும்?

இதற்குப் பெரிய கட்டடம் தேவையில்லை. எங்கள் சனசமூக நிலையங்களும் ஆலய மண்டபங்களும் வார நாட்களில் பெரும்பாலும் பூட்டியே கிடக்கின்றன. நோயை விளங்கிக்கொண்ட இரண்டு பேர், தாளிடக்கூடிய ஒரு படலை, வழுக்காத மலசலகூடம், பழைய பாட்டுகள் போட ஒரு வானொலிப் பெட்டி ஆகியவை இருந்தால், வாரத்தில் இரண்டு அரைநாட்களுக்குப் பத்துப் பேரைப் பார்த்துக்கொள்ளலாம். அந்த நேரத்தில் பராமரிப்பவர் தன் கிளினிக்குக்குப் போகலாம், நித்திரையாவது கொள்ளலாம். பிரதேச சபைகளும் ஆலய, தேவாலய பரிபாலன சபைகளும் இதைக் கருத்தில் எடுக்க வேண்டும் என்று கேட்கிறேன்.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. வழிதவறிய முதியவரைப் பற்றிச் செய்தி எழுதும்போது, ‘நினைவிழப்பு உள்ளவராக இருக்கலாம்’ என்று எழுதுங்கள். செப்ரெம்பர் 21ஆம் திகதி உலக அல்சைமர் தினமாதலால், அன்றாவது இந்நோயின் ஆரம்ப அறிகுறிகளை ஒரு பக்கத்தில் தாருங்கள். நான் என் கணவரின் ஒவ்வொரு சட்டையின் உட்பக்கத்திலும் தொலைபேசி இலக்கத்தை நூலால் தைத்து வைத்திருந்தேன். பாலத்தடியில் அவரை இருத்தி, தண்ணீர் கொடுத்து, அந்த இலக்கத்தைத் தேடிப் பார்த்து எனக்கு அழைத்தவர் முன்பின் தெரியாத ஓர் ஓட்டோச் சாரதி. அவருடைய பாட்டிக்கும் இதே நோய் இருந்ததாம்.

மண்டபம் தர முன்வரும் சபை எதுவானாலும், வாரத்தில் அந்த இரண்டு நாட்களும் அங்கு வந்து நிற்க நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இவ்வண்ணம்,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
உரும்பிராய்.