காசுந்தி ஏன் இவ்வளவு தாமதம்?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். பங்குனியில் தருவதாகச் சொன்ன காசுந்தி, அதாவது வங்காளத்துக் கடுகு விழுது, வைகாசியில்தான் கடைக்கு வருகிறது. அதற்கான காரணத்தைச் சொல்லிவிடுகிறோம்.

போன தடவை வாங்கியவர்களில் சிலர், "மூக்கில் ஏறவே இல்லை, கசக்கிறது" என்று பாட்டிலைத் திருப்பிக் கொண்டுவந்தீர்கள். தப்பு எங்களுடையதுதான். அவசரத்தில் கடுகை மெஷினில் கொடுத்து அரைத்தோம். மாவு கையில் பிடிக்க முடியாத சூட்டில் வந்தது. அது போதாதென்று, கொதித்த தண்ணீரை ஆறவிடாமல் ஊற்றினோம்.

கடுகு மணிக்குள் காரம் தயாராக இருப்பதில்லை. காரமாக மாறக்கூடிய பொருள் ஒரு பக்கம், அதை மாற்றுகிற நொதி இன்னொரு பக்கம். மணி நசுங்கி ஈரம் பட்டால்தான் இரண்டும் கலந்து நெடி கிளம்பும். சூடு பட்டால் நொதி செத்துப்போகும், மாறாத அந்தப் பொருளின் கசப்பு மட்டும் மிஞ்சும். தாளித்த கடுகைக் கடித்துப் பாருங்கள், மூக்கில் ஒன்றும் ஏறாது. நாம் கடுகை எண்ணெயில் வெடிக்கவிட்டே பழகியவர்கள். இந்த நெடியை ரசிக்கக் கற்றுக்கொண்டது கொல்கத்தாவுக்கு வந்த பிறகுதான். இங்கே அதை 'ஜாஞ்' என்கிறார்கள்.

அதனால் இந்த முறை பழைய வங்காள வழிக்கே போனோம். அட்சய திருதியை அன்று நம் ஊரில் நகைக்கடையில் கூட்டம் நெரியும். இங்கே பழைய வீடுகளில் பெண்கள் குளித்துவிட்டு வந்து காசுந்திக்குக் கடுகு கழுவுகிற நாள் அது. நாங்களும் அன்றுதான் கழுவினோம். கறுப்புக் கடுகும் மஞ்சள் கடுகும் சேர்த்து, மண் போகும்வரை ஏழெட்டுத் தண்ணீர். அப்புறம் மொட்டை மாடியில் வெள்ளைத் துணி விரித்துக் காயவைத்தோம். நடுவில் ஒரு சாயங்காலம் கால்பைசாகி என்கிற கோடைப் புயல்மழை அடித்து, பாதி உலர்ந்த கடுகை அள்ளிக்கொண்டு ஓடினோம். அதில் ஒரு மூட்டை பூசணம் பிடித்து வீணானது. தாமதத்தில் பாதி அந்த மழையால்தான்.

உலர்ந்த கடுகை உரலில் போட்டு உலக்கையால் இடித்தோம். அங்கங்கே நிறுத்தி, சூடு ஏறுகிறதா என்று கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டே. இடித்ததை மஞ்சள், உப்பு, பச்சை மிளகாயோடு, கொதிக்கவைத்து நன்றாக ஆறிய தண்ணீரில் பிசைந்தோம். கால் மணி நேரத்தில் அறையில் நிற்க முடியவில்லை, எல்லோருக்கும் கண்ணில் தண்ணீர். அதற்குப் பிறகுதான் துருவிய மாங்காய். புளிப்பை முதலிலேயே சேர்த்தால் நெடி முழுதாகக் கிளம்பாது. கிளம்பிய பிறகு சேர்த்தால், அதைச் சீக்கிரம் போய்விடாமல் பிடித்துவைக்கும். மாங்காய் இருப்பதால் வினிகர் சேர்க்கவில்லை.

மெஷின் காசுந்தி போல இது வழவழவென்று இருக்காது. நாக்கில் கொஞ்சம் நறநறக்கும். மேலே தண்ணீர் பிரிந்து நின்றால் கெட்டுப்போனதாக நினைக்க வேண்டாம், காய்ந்த கரண்டியால் கலக்கிக்கொள்ளுங்கள். பிரிட்ஜில் வையுங்கள். அடுப்பில் ஏற்ற வேண்டாம். குழம்பில் சேர்ப்பதானால் இறக்கிவைத்த பிறகு சேருங்கள். மீன் வறுவலுக்கு இது பொருத்தம் என்று ஊருக்கே தெரியும். சைவக்காரர்கள் சுடுசோற்றில் கீரையோடு ஒரு கரண்டி பிசைந்து பாருங்கள். தயிர் சாதத்துக்கும் எங்கள் ஓட்டு உண்டு.

போன தடவை வாங்கியவர்கள் காலி பாட்டிலைக் கொண்டுவந்தால் புதியது இலவசம். பில் தேவையில்லை. இடித்தது கொஞ்சம்தான், அதனால் வீட்டுக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
லேக் மார்க்கெட் கடையிலிருந்து