தூரத்தில் இருந்தாலும் ஆபத்து உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

2011 வாக்கில் அரபு நாடுகளில் ஆட்சியாளர்களுக்கு எதிராக வெடித்த அரபு எழுச்சியில் ராப் இசையின் பங்கு பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரை படித்தேன். துனிசியாவின் ராப் பாடகர் எல் ஜெனரலைப் பற்றி விரிவாக எழுதியவர், புலம்பெயர்ந்த பாடகர்களை மட்டும் பாதுகாப்பான இடத்தில் இருந்து பாடியவர்கள் என்று ஒரே வரியில் ஒதுக்கிவிட்டார். இது கொஞ்சம் அநியாயம்.

ராப் பாடகர் ஓமர் ஆஃபென்டம் சிரியக் குடும்பத்துப் பிள்ளை, வாஷிங்டனில் வளர்ந்தவர், கட்டடக் கலை படித்தவர். 2011 பிப்ரவரியில், எகிப்து அதிபர் முபாரக் பதவியை விட்டு இறங்குவதற்குச் சில நாள் முன்பே, ஈராக்கிய வம்சாவளிக் கனடிய ராப் பாடகரான நார்சிசிஸ்ட் முதலியோருடன் சேர்ந்து எகிப்துப் போராட்டத்துக்குப் பாட்டுப் போட்டார். இத்தனைக்கும் எகிப்து அவர் நாடே இல்லை. மார்ச்சில் சிரியாவின் தெரா நகரில் போராட்டம் வெடித்தது. அடுத்த ஆண்டு சிரியாவுக்கென்றே தனிப் பாட்டு வெளியிட்டார்.

சரி, அரசை எதிர்த்துப் பாடிய எல் ஜெனரலைப் போல ஆஃபென்டத்தைப் போலீஸ் வீடு தேடி வந்து பிடிக்கவில்லைதான். ஆனால் சிரிய அதிபர் அசாத் ஆட்சியின் கை கடல் கடந்தும் நீண்டது. அமெரிக்காவில் வாழ்ந்த சிரியப் பியானோ கலைஞர் மாலிக் ஜண்டலி 2011 ஜூலையில் வெள்ளை மாளிகை அருகே சிரிய மக்களுக்காக வாசித்தார். கொஞ்ச நாளில் சிரியாவின் ஹோம்ஸ் நகரில் இருந்த அவருடைய வயதான பெற்றோரை வீட்டுக்குள் புகுந்து அடித்தார்கள். வெளிநாட்டுச் சிரியர்களின் உறவினர்கள் இப்படி மிரட்டப்பட்டதை மனித உரிமை அமைப்பான ஆம்னெஸ்டி அந்த ஆண்டே தனி அறிக்கையாக வெளியிட்டது. ஊரில் சொந்தபந்தம் இருக்கிற எந்தப் பாடகருக்கும் இந்தப் பயம் இருந்திருக்காதா?

2024 டிசம்பரில் அசாத் மாஸ்கோவுக்கு ஓடிவிட்டார். இந்தப் பாடகர்களைப் பற்றி இனியாவது ஒரு முழுக் கட்டுரை வெளியிடுங்கள். பாடல் வரிகளையும் தமிழில் தந்தால் நல்லது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்